பழைய அழுத்த விளக்குகளில் மாற்றங்களை அறிதல்

அழுத்த விளக்கு என்பது மூடிய தொட்டியிலுள்ள மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி, சூடான குழாயில் ஆவியாக்கி, அவ்வாவியைக் காற்றுடன் கலந்து எரித்து, மேன்டில் எனப்படும் வலையை ஒளிரச் செய்யும் விளக்கு ஆகும். எந்த நிறுவனத்தின் விளக்காயினும் தமிழில் அது பெட்ரோமாக்ஸ் என்றே வழங்கப்படுகிறது. இப்பெயர் பெர்லின் நகரின் ஏரிக் அண்டு கிரேட்ஸ் நிறுவனம் 1910 அளவில் உருவாக்கிய விளக்கின் வணிகப் பெயராகும். பெட்ரோலியம் என்ற சொல்லும், மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் முதற்பெயரும் இணைந்து இது உருவானது.

திருமண ஊர்வலம், திருவிழா, இரவு மீன்பிடிப்பு எனப் பல பத்தாண்டுகள் உழைத்த இவ்விளக்குகள் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே கிடைப்பது அரிது. எது தொடக்கத்திலேயே இருந்தது, எது பின்னர் செய்யப்பட்டது என அறிவது சேகரிப்போருக்கு மட்டுமன்றி, விளக்கை ஏற்றிப் பார்க்க விரும்பும் எவருக்கும் தேவையானது. ஏனெனில் இதன் தொட்டி ஒரு பழம்பொருள் மட்டுமன்று, ஓர் அழுத்தக் கலனும் ஆகும். பெட்ரோமாக்ஸ் வகை விளக்கில் வேலை அழுத்தம் ஏறத்தாழ 2 வளிமண்டலம் ஆகும்.

தொழிற்சாலை வேறுபாடுகள்

வழக்கத்துக்கு மாறாகத் தோன்றுவன யாவும் பிற்கால மாற்றங்கள் அல்ல. சில விளக்குகள் சிறு கிண்ணத்தில் எரிசாராயம் ஊற்றிச் சூடேற்றும் அமைப்புடனும், வேறு சில தொட்டியிலிருந்தே எண்ணெயையும் காற்றையும் பெற்று ஊதி எரியும் விரைவுச் சூடாக்கியுடனும் விற்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பித்தளையும் நிக்கலும் படைத் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால், எஃகுத் தொட்டிகளும் வண்ணப்பூச்சும் இடம்பெற்றன. ஆகவே தொட்டியில் காந்தம் ஒட்டுகிறது என்பதால் மட்டும் அது போலி என்று முடிவு செய்தல் தவறு. பித்தளைத் தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும் காந்தம் ஒட்டினால், அடித்தகடு மாற்றப்பட்டிருக்கலாம் என ஐயுற இடமுண்டு.

அமெரிக்காவின் கோல்மன் நிறுவனம் தன் விளக்குகள் பலவற்றின் தொட்டி அடியில் ஆண்டையும் மாதத்தையும் பொறித்தது. இது பெரும் உதவியாயினும், தொட்டியின் காலத்தை மட்டுமே காட்டும். மேலுள்ள மூடி, சட்டம், கண்ணாடி ஆகியவை வேறு விளக்குகளிலிருந்து வந்திருக்கலாம். இரண்டு மூன்று உடைந்த விளக்குகளிலிருந்து நல்ல விளக்கொன்றை உருவாக்குவது பழுதுபார்ப்போரிடையே இயல்பான வழக்கமே.

மேற்பரப்பு

மிகப் பரவலான மாற்றம் பலரால் மாற்றமாகவே கருதப்படுவதில்லை. பல விளக்குகளின் பித்தளை மீது நிக்கல் பூசப்பட்டிருந்தது. பூச்சு தேய்ந்தபின் அதனை முழுவதும் நீக்கிப் பொன்னிறமாக மெருகேற்றி விற்பது வழக்கமாகிவிட்டது. எண்ணெய் மூடியின் திருகு அடிப்புறம், சட்டம் தொட்டியுடன் சேரும் இடுக்கு, பொறித்த எழுத்துக்களின் பள்ளம் ஆகிய இடங்களில் வெள்ளி நிறத் துணுக்குகள் எஞ்சியிருந்தால் இதை அறியலாம். எந்திரச் சக்கரத்தில் மெருகேற்றியிருந்தால் எழுத்துக்களின் விளிம்பு மழுங்கி, தகடும் மெலிந்திருக்கும்.

மெருகுப் பொருளிலும் கவனம் தேவை. சில மெருகு நீர்மங்களில் அம்மோனியா உண்டு. வளைத்து அழுத்தி உருவாக்கப்பட்ட பித்தளையில் உள்ளிழுவிசை தங்கியிருப்பதால், அம்மோனியா பட்டால் அதில் நுண்வெடிப்புகள் தோன்றக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்புக் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே இதற்குக் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. தொட்டியின் தோள்பகுதியிலும் விளிம்பு மடிப்பிலும் மயிரிழை போன்ற கோடுகள் உள்ளனவா என உருப்பெருக்கியால் பார்ப்பது நன்று.

தொட்டி

மதிப்பீட்டில் முதலிடம் தொட்டிக்கே உரியது. தொழிற்சாலைப் பற்றாசு மடிப்பினுள் சீராக ஓடியிருக்கும். பிற்காலத்தது திரண்டு வழிந்து, சுற்றிலும் நிறமாற்றத்துடன் காணப்படும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசு அளவிலேயே உருகத் தொடங்கும். எனவே ஓரிடத்தைப் பற்றவைக்கும்போது அருகிலுள்ள பழைய இணைப்பு தளர்ந்துவிடுவது உண்டு. எப்பொக்சிப் பசையாலும் வண்ணத்தாலும் மறைத்த துளையே மிகவும் தீங்கானது. மூடியைக் கழற்றிக் கைவிளக்கால் உள்ளே பார்த்தால் பெரும்பாலும் இது தெரிந்துவிடும்.

தொட்டியின் வலுவைச் சோதிக்க அதனை முழுவதும் நீரால் நிரப்பி அழுத்தம் கொடுக்க வேண்டும். நீர் மிகக் குறைவாகவே சுருங்குவதால், தொட்டி பிளந்தாலும் பெருவெடிப்பு நேராது. காற்றை அடைத்துச் சோதிப்பது ஆபத்தானது.

மின்விளக்காக மாற்றப்பட்டவற்றில் கம்பி செல்லத் தொட்டியின் பக்கவாட்டில் துளையிடப்பட்டிருக்கும். அலங்காரத்துக்காகச் செய்யப்படும் இச்சிறு துளை, விளக்கை விளக்காகப் பயன்படுத்தும் வாய்ப்பையே பெரும்பாலும் அழித்துவிடுகிறது. துளையிடாமல் எரிபகுதியை மட்டும் கழற்றிப் பல்பு பொருத்தியிருந்தால், அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலும்.

எரிபகுதியும் எரிபொருளும்

பம்பின் தோல் வாஷர், மேன்டில், ஊசி, நிப்பிள் ஆகியவை தேய்ந்து மாறுவதற்கென்றே அமைந்தவை. அவை புதியனவாக இருத்தல் குறையன்று. பழைய மேன்டில்களில் கதிரியக்கமுள்ள தோரியம் இருந்தது. பின்னர் பல தயாரிப்புகளில் இட்ரியம் அதன் இடத்தைப் பிடித்தது. நிப்பிளின் துளை கம்பியால் குடைந்து பெரிதாக்கப்பட்டிருந்தால் சுடர் மஞ்சளாகி மேன்டிலில் கரி படியும்.

எரிபொருள் மாற்றம் இதைவிடக் கவனத்துக்குரியது. கோல்மன் 200ஏ போன்றவை பெட்ரோல் வகை எரிபொருளுக்கென அமைந்தவை. அவற்றில் ஆவியாக்கும் குழாயை மாற்றி, சூடேற்றும் கிண்ணம் சேர்த்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோர் உண்டு. இது மீட்கத்தக்க மாற்றமே. மண்ணெண்ணெய் விளக்கில் பெட்ரோல் ஊற்றுவதோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

மதிப்பிடுதல்

ஒரு மாற்றம் தொட்டியின் வலுவைக் குறைக்கிறதா, அதனை நீக்கி முந்தைய நிலையைப் பெற முடியுமா, அது வெளிப்படையாகத் தெரிகிறதா அல்லது மறைக்கப்பட்டுள்ளதா என்பவை இங்கு கருதத்தக்கவை. வாடகைக் கடையின் பெயர் வெட்டிய தொட்டியையோ, உள்ளூர்க் கொல்லர் செய்த கைப்பிடியையோ நீக்கிப் புதிதாக்குவது பொருத்தமன்று. அவை அவ்விளக்கு எங்கே, யாரிடம் உழைத்தது என்பதற்கான சான்றுகளாகும். கழற்றிய பாகங்களை விளக்குடனேயே வைத்திருப்பதும், புதிதாகச் செய்து பொருத்திய பாகத்தின் உட்புறத்தில் அதன் ஆண்டைச் சிறிதாகக் குறித்து வைப்பதும் பாதுகாப்புப் பணியாளர்களின் வழக்கமாகும்.