செய்தி எழுதும் பொறிகள்

செய்தியாளன் தொழில் இரு கூறுகளையுடையது. நிகழ்ந்ததை ஆராய்ந்தறிதல் ஒன்று. அறிந்ததைச் சொல்லில் அமைத்தல் மற்றொன்று. இரண்டாவது கூற்றை இன்று கணினிகள் தாமே செய்கின்றன. முதலாவது கூறு அவற்றுக்கு எவ்வளவு கைவந்துள்ளது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வகைப் பொறிகளுள் முன்னே தோன்றியவை, எழுதிவைத்த வாக்கியங்களின் இடைவெளிகளில் விவரங்களை நிரப்புவன. ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் பத்திரிகையினது 'குவேக்பொட்' என்னும் நிரல் இதற்குச் சான்றாகும். அந்நாட்டுப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் பூமியதிர்ச்சியொன்றை அறிவித்ததும், அதன் இடம், நேரம், பருமன் ஆகியவற்றைக் கொண்டு அந்நிரல் செய்தியை வரையும். 2014 மார்ச் 17 இல் கலிபோர்ணியாவில் நிலம் அதிர்ந்தபோது, அது வரைந்த செய்தியைப் பத்திரிகையாளர் ஒருவர் பார்வையிட்டு வெளியிட்டார். மூன்று நிமிடமளவில் செய்தி வாசகரை அடைந்தது.

ஆயின், 2017 ஜூன் 21 இல் அதே நிரல், சந்தா பார்பராவுக்கு அண்மையில் 6.8 பருமனுடைய அதிர்ச்சி நிகழ்ந்ததென எழுதியது. உண்மையில் அவ்வதிர்ச்சி 1925 ஜூன் 29 இல் நிகழ்ந்ததாகும். பழைய பதிவின் இடவிவரத்தை ஆய்வாளர் திருத்துங்கால் தவறான அறிவித்தலொன்று சென்றுவிட்டது. அதில் ஆண்டு 2025 என்றிருந்தது. அன்று இன்னும் வாராத ஆண்டில் பூமி எவ்வாறு அதிர்ந்திருக்கும் என்னும் ஐயம் சிறுவனுக்கும் எழும், நிரலுக்கு எழவில்லை. வாக்கியங்களிற் பிழையில்லை, பொருளே பிழையாயிற்று.

2022 நவம்பரில் வெளிவந்த சட்ஜிபிடி போன்ற உரையாடற் பொறிகள் வேறு வகையின. இவை பெருந்தொகையான எழுத்துக்களிலிருந்து சொற்கள் தொடரும் முறையைக் கற்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்து உரை அமைப்பன. ஆதலின் நடை மனிதனுடையதைப் போன்று ஒழுகும். எனினும், பொருந்தி வருஞ் சொல் யாவும் மெய்ச்சொல் ஆகா. சீநெற் என்னும் அமெரிக்க இணையத்தளம் பொறியின் துணையால் எழுதி வெளியிட்ட 77 கட்டுரைகளை 2023 சனவரியில் மீளாய்ந்தபோது, 41 கட்டுரைகள் திருத்தம் பெற்றன. அவை ஆசிரியர் குழுவின் பார்வையைக் கடந்து வந்தவை என்பது கருதத்தக்கது. நடை செவ்விதாயின் ஐயம் எழுதல் அரிதன்றோ?

தெளிந்த நடையைத் தெளிந்த அறிவின் அடையாளமாகக் கொள்வது நம் நெடுநாள் வழக்கம். வகுப்பறைக் கட்டுரைகளையும் நாம் பெரும்பாலும் அவ்வாறே மதிப்பிட்டு வந்துள்ளோம். அவ்வடையாளம் இனி உதவாது. 'எத்துணை அழகாக எழுதப்பட்டது' என்பதற்கு முன், 'இஃது எவ்வாறு அறியப்பட்டது' என வினவும் பழக்கத்தை மாணவர் உள்ளத்தில் ஊன்றுதலே இன்று ஆசிரியர்க்குரிய பணியாகும்.