தோட்ட நீர்ப்பாசனத்தில் பந்து வால்வுகள்: வகைகளும் பயன்படுத்தும் முறையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடாகக் கீழிறங்கி, உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமிடத்தில், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணிப்பு. ஆகவே, அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை நிலையாகத் தாழ்த்தினால் உவர்நீர் மேலெழும். உவர்ப்பேறிய கிணற்றை மீண்டும் நன்னீர்க் கிணறாக்குதல் எளிதன்று. வெங்காயப் பாத்தியில் வழிந்தோடும் நீரும், ஒழுகும் குழாயில் வீணாகும் நீரும் இச்சேமிப்பிலிருந்தே செல்கின்றன. குழாய்வழிப் பாசனம் செய்யும் கமக்காரர் வால்வுகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டியது இதனாலேயாகும்.

அமைப்பு

பந்து வால்வின் உள்ளே துளையிடப்பட்ட உருண்டை ஒன்று உண்டு. அதன் இருபுறமும் தெப்லோன் போன்ற வழுவழுப்பான பொருளாலான வளையங்கள் இறுகப் பொருந்தியிருக்கும். கைபிடியைக் கால் வட்டம் திருப்பினால் வால்வு முற்றாகத் திறக்கும் அல்லது மூடும். கைபிடி குழாயின் போக்கில் இருப்பின் திறந்துள்ளது. குறுக்கே இருப்பின் மூடியுள்ளது. பலமுறை சுற்ற வேண்டிய கேற் வால்வைப்போலன்றி, இதன் நிலையைத் தூரத்திலிருந்தே அறியலாம்.

வகைகள்

1. முழுத்துளை வால்வு: உருண்டையின் துளை குழாயின் உள்விட்டத்துக்குச் சமமானது. நீரோட்டத்துக்குத் தடை மிகக் குறைவு. பம்பியிலிருந்து புறப்படும் பிரதான குழாய்க்கு இதுவே உகந்தது.

2. குறுந்துளை வால்வு: துளை குழாயிலும் சிறியது, விலையும் குறைவு. பாத்திகளுக்குப் பிரியும் கிளைக் குழாய்களுக்குப் போதுமானது.

3. இணைப்பு வளைய வால்வு: இரு முனைகளிலும் கையாற் கழற்றக்கூடிய வளையங்கள் கொண்டது. குழாயை வெட்டாமலே வால்வைக் கழற்றித் துப்புரவு செய்யலாம். பீ.வீ.சீ. குழாய்களுக்கு மிகவும் பயனுள்ளது.

4. மூவழி வால்வு: ஒரு குழாயில் வரும் நீரை இரண்டில் ஒரு வழிக்குத் திருப்புவது. ஒரு பம்பியால் இரு தோட்டங்களுக்கு முறைவைத்து இறைப்போருக்கு ஏற்றது.

தொட்டியிலே மிதவையின் உதவியால் தானாக மூடிக்கொள்ளும் சாதனத்தையும் சிலர் பந்து வால்வு என்பர். அதன் பந்து நீரில் மிதப்பது, துளையுள்ள உருண்டையன்று. மாடுகளுக்கான நீர்த்தொட்டி நிரம்பி வழியாதிருக்க அது உதவும். வாங்கும்போது எது வேண்டுமெனத் தெளிவாகக் கேட்டல் வேண்டும்.

பொருள்

பித்தளை வால்வு உறுதியானது. ஆயினும் உவர்நீரில் பித்தளையிலுள்ள நாகம் கரைந்து உலோகம் பொறுபொறுத்துப் போகும். உவர்ப்புள்ள கிணறுகளுக்குப் பீ.வீ.சீ. வால்வு சிறந்தது. அதனை வெயில் நேரே படாதவாறு மறைத்து வைத்தல் நன்று.

பயன்படுத்தும் முறை

பந்து வால்வு முற்றாகத் திறப்பதற்கும் முற்றாக மூடுவதற்குமே உரியது. அரைவாசி திறந்து நீரைக் குறைத்தால், விரைந்தோடும் நீரும் அதிலுள்ள மணலும் வளையங்களை அரித்துவிடும். பின்னர் வால்வு மூடினாலும் ஒழுகும். நீரின் அளவை அடிக்கடி கட்டுப்படுத்த வேண்டிய இடத்தில் அதற்கென அமைந்த வேறு வால்வைப் பொருத்துக.

கைபிடியைச் சடுதியாகத் திருப்பலாகாது. ஓடும் நீர் திடீரெனத் தடைப்படின் அதன் வேகம் அமுக்கமாக மாறிக் குழாயைத் தாக்கும். விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரைச் சடுதியாக நிறுத்தினால், நீண்ட இரும்புக் குழாயில் 10 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கம் தோன்றும். பீ.வீ.சீ. குழாயில் இது குறைவெனினும் மூட்டுகளைப் பிளக்கப் போதுமானது. மெல்ல மெல்ல மூடுக.

ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு நீரை மாற்றும்போது, அடுத்த வால்வைத் திறந்த பின்னரே முதலாவதை மூட வேண்டும். எல்லா வால்வுகளும் மூடியிருக்கப் பம்பி தொடர்ந்து ஓடினால் உள்ளிருக்கும் நீர் சூடேறி அடைப்புகள் பழுதடையும். பம்பியின் உறிஞ்சு குழாயில் வால்வு இருப்பின், இறைக்கும்போது அது முற்றாகத் திறந்திருத்தல் அவசியம்.

பொருத்துதலும் பராமரிப்பும்

பசை பூசி ஒட்டும்போது வால்வைத் திறந்த நிலையில் வைத்து, பசையை அளவாகப் பூசுக. மிகுதிப் பசை உள்ளே வழிந்தால் உருண்டை அசையாது இறுகிவிடும். இணைப்பு வளைய வால்வாயின் முனைகளை மட்டும் கழற்றி ஒட்டுவது பாதுகாப்பானது.

பயன்படுத்தாத காலத்திலும் மாதம் ஒருமுறை வால்வைத் திறந்து மூடுக. இன்றேல் சுண்ணம் படிந்து இறுகும். இறுகிய கைபிடியைக் குழாய்த் துண்டு செருகி நெம்பலாகாது, தண்டு முறியும். தண்டின் அடியில் நீர் கசிந்தால், அங்குள்ள சுரையைச் சிறிதளவு இறுக்குக. மூடிய வால்வினூடே நீர் ஒழுகுமாயின் வளையங்களையோ வால்வையோ மாற்றுவதே தக்கது.

துளித்துளியாக ஒழுகும் நீர் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் நிமிடத்துக்கு அரை லீற்றர் ஒழுகினால் ஒரு நாளில் 720 லீற்றர் வீணாகும். ஆகவே, ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் எல்லா வால்வுகளையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது கமக்காரருக்கு நன்மை பயக்கும். மேலதிக ஆலோசனைகளைத் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.