ஹாரன் அடிக்காதீங்க... உரம் போகுது!

குட்டீஸ்! தேனி மாவட்டம், சின்னமனூரிலிருந்து கிழக்கே, ஓடைப்பட்டிக்கு ஒரு குட்டிப் பயணம் போவோமா?

தூரத்தில் மேகமலை, சாலையோரம் கரடும், முள்செடியும் தான். ஏன் தெரியுமா? தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து விடுகிறது. எனவே, இது மழை மறைவுப் பகுதி. ஆனாலும், காய்ந்த புல்லைத் தின்று வாழும் செம்மறிகளுக்கு இது போதும்!

அதோ... சாலை முழுக்க ஆடுகள். வண்டி நிற்கிறது. 'ஹாரன் அடிங்கப்பா...' என்று அவசரப்படாதீர்கள். சத்தத்தில் மிரண்டால், குட்டிகள் தாயைப் பிரிந்து சிதறி விடும்.

மந்தை எங்கே போகிறது? அறுவடை முடிந்த வயலுக்கு! இரவில், அங்கே பட்டி அடைத்து ஆடுகளைத் தங்க வைப்பர். இதுதான், 'கிடை போடுதல்!' புழுக்கையும், சிறுநீரும் மண்ணுக்குத் தழைச்சத்து தரும். அடுத்தடுத்து பட்டியை இடம் மாற்ற, வயல் முழுவதும் உரமாகும். ஆட்டுக்கு மேய்ச்சல், மண்ணுக்கு எரு, கிடைக்காரருக்குக் கூலி.

'ஆட்டு எரு அந்த வருஷம். மாட்டு எரு மறு வருஷம்' என்பது விவசாயிகள் சொல்லும் பழமொழி. ஆட்டு எரு, சீக்கிரம் பலன் தரும் என்பது பொருள்.

ஓடைப்பட்டி வந்து விட்டது! விதையில்லா திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. பக்கத்தில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சை, 2023ல் புவிசார் குறியீடு பெற்றது.

இனி, வழியில் மந்தையைப் பார்த்தால், இரண்டு நிமிடம் காத்திருப்பீர்கள் தானே!