உங்களுக்குத் தெரியுமா? முள்ளுக்குச் சோற்று உருண்டை மருந்தல்ல!

வளையமாதேவி, சேத்தியாத்தோப்பு பக்கம் வீராணம் ஏரிக் கெண்டைக் குழம்பு என்றால் முள்ளும் கூடவே வரும். தொண்டையில் சிக்கினால் சோற்று உருண்டையை மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். அது முள்ளை இன்னும் ஆழமாக இறக்கிவிடலாம். விரல் விட்டுத் துழாவவும் கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் இடுக்கியால் எடுத்துவிடுவார்.

● முள் போன பின்னும் கீறிய இடம் ஓரிரு நாள் உறுத்தும்.

● முள்ளே இல்லாமல் உறுத்துகிறதா? டான்சில் அழற்சி, மேலேறும் இரைப்பை அமிலம், தைராய்டு வீக்கம் காரணமாகலாம்.

● முதலில் சோறு, பிறகு கஞ்சியும் இறங்கத் தடைப்பட்டால் எண்டோஸ்கோப்பி பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்கள் முக்கியமாக.

● எச்சில்கூட இறங்கவில்லையா, மூச்சுத் திணறுகிறதா? உடனே 108-ஐ அழையுங்கள்.