துறைமுகமும் கண்மாயும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைச் சேர்ந்த நான் துறைமுக நகரங்களைப் பற்றிப் பேச முற்படுவது நேயர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். எங்களுடையது வானம் பார்த்த கரிசல் பூமி. கடலைக் காண வேண்டுமாயின் தூத்துக்குடிக்குத்தான் செல்ல வேண்டும். ஆயினும் அத்துறைமுகம் எங்களைத் தேடி வந்துவிட்டது. 1974-ஆம் ஆண்டில் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. மதுரையிலிருந்து அங்குச் செல்லும் நான்குவழிச் சாலை இன்று அருப்புக்கோட்டையை ஒட்டிச் செல்கிறது. சாலை வந்த இடத்தில் மனை வருகிறது. மனை வந்த இடத்தில் கண்மாயின் வரத்துக்கால் மறைகிறது.

இத்தகைய சிக்கலை நூறாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். 1854-இல் பிறந்த அவர் உயிரியல் கற்றவர். நகரத்தையும் ஓர் உயிராகவே நோக்கினார். 1914-இல் அவர் இந்தியா வந்தபோது, பல்லாண்டுகள் திரட்டிய நகரமைப்புப் படங்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த அதே எம்டன், அக்கப்பலையும் கடலில் ஆழ்த்திற்று. மனிதர் தளரவில்லை. நண்பர்களின் துணையால் மீண்டும் படங்களைத் திரட்டி, 1915-இல் சென்னையிலேயே கண்காட்சி நடத்தினார். பின்னர் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் பார்வையிட்டு அறிக்கையும் எழுதினார்.

நாடி பாராமல் கத்தியை எடுக்கும் மருத்துவர் உண்டோ? முதலில் ஊரை நடந்து பார்த்து ஆராய்க, பிறகே கோடு வரைக என்றார் கெடிஸ். நெருக்கமான தெருக்களை இடித்து நேர்ச்சாலை போடுவதை அவர் விரும்பவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, கிணற்றையும் மரத்தையும் சுற்றித் திறந்தவெளி உண்டாக்கினால் போதும் என்றார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்த சுகாதார அதிகாரிகளிடம், மீனும் வாத்தும் வளருங்கள், அவை கொசுப் புழுக்களைத் தின்றுவிடும் என்றார். குளம் வெப்பத்தைத் தணிக்கும், பெருமழை நீரையும் தாங்கும் என்பது அவர் துணிபு. எங்கள் பாட்டன்மாருக்கு இது புதிய செய்தியன்று!

1921-இல் கொழும்பு நகருக்கு அவர் அறிக்கை அளித்தார. தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885-இல் முடிந்தபின் கப்பல்கள் பெருகி, நகரம் வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பு ஒரு தோட்ட நகரமாக வளர வேண்டும் என்று அவர் கருதினார். 1948-இல் மற்றோர் அறிஞரான பாட்ரிக் அபர்குரோம்பி, நெரிசலைக் குறைக்க ரத்மலானை, ஹோமாகமை, ராகமை ஆகிய இடங்களில் துணைநகர்கள் அமைக்கலாம் என்றார். திட்டங்கள் அழகியவை, நடந்தவையோ சில. நகர நடுவிலுள்ள பேர வாவி கழிவால் கெட்டது.

சென்னையிலும் துறைமுகச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் கடல்மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்தைக் கடல் அரித்தது. மாம்பலத்து நெடிய ஏரி 1920-களில் வற்றடிக்கப்பட்டு, தியாகராய நகரம் எழுந்தது. மழைக்காலத்தில் அந்நீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதைச் சென்னைவாசிகள் அறிவர்.

எங்கள் கண்மாய்களும் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேற்கண்மாயின் மறுகால் நீரே கீழ்க்கண்மாயின் வரத்து. அவற்றுட் பல, திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாற்றோடு தொடர்புடையவை. ஒரு வரத்துக்காலில் மண் கொட்டினால் கீழேயுள்ள ஊர்களும் காயும். உயர்ந்த சாலையும் ஒரு கரையே ஆகும். அதன் அடியில் இடும் சிறு குழாய் ஓர் ஓடையின் வெள்ளத்தைக் கடத்திவிடாது. ஆகவே மனைகளுக்கு ஒப்புதல் அளிக்குமுன், ஒவ்வொரு வரத்துக்காலும் கலுங்கும் மடையும் ஊருணியும் குறித்த படம் ஒன்று நகராட்சியின் மேசையில் இருத்தல் வேண்டும். அதை வரைய ஸ்காட்லாந்திலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. ஊரில் மிஞ்சியிருக்கும் முதிய நீர்ப்பாய்ச்சிகளை உடன் அழைத்துக்கொண்டு, ஒரு மழை நாளில் கரையோரமாக நடந்தால் போதும்.