துப்பாக்கியுடன் வேறு ராஜ்யத்தில் குடியேறுதல்

பயிர்ப் பாதுகாப்பிற்கென லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியுடன், பொள்ளாச்சியை விட்டுப் பாலக்காட்டில் குடியேறும் மிராசுதார், லைசென்ஸில் குறித்துள்ள எல்லையை முதலில் நோக்குதல் வேண்டும். அது ஒரு ஜில்லாவிற்கோ ராஜ்யத்திற்கோ மட்டும் உரியதாயின், எல்லையை விரித்து உத்தரவு பெறுமுன் துப்பாக்கியைக் கொண்டுசெல்லலாகாது; அது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். அதுவரை போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதனை ஒப்புவித்து ரசீது பெறுதல் நலம்.

முறைப்படி கொண்டுசென்றோர், 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, 30 நாட்களுக்குள் பழைய இடத்து அதிகாரிக்கும் புதிய இடத்து அதிகாரிக்கும் எழுத்து மூலம் அறிவித்து, புதிய விலாசத்தை லைசென்ஸில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

துப்பாக்கி லைசென்ஸ் காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதியன்று. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு அவ்விடத்து அதிகாரிகளின் தனி உத்தரவு வேண்டும். கிராம அதிகாரிகள் இவற்றைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பாராக.