மட்கார்டு இல்லாத கார்

லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய பர்பேங்கில், ரிவர்சைடு டிரைவில், பாப்ஸ் பிக் பாய் என்றோர் உணவகம் இருக்கிறது. 1949இல் கட்டியது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அதன் வாகன நிறுத்தத்தில் பழைய கார்கள் வரிசை கட்டி நிற்கும். என்னை அங்கே முதலில் கூட்டிப்போனவர் எங்கள் தெருக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் நண்பர். போன மாதம் காலமானார். எண்பத்தைந்து வயது. கல்யாணச் சாவு என்று ஊரில் சொல்வோம். அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள எனக்கு இன்னும் முடியவில்லை.

அவருடைய கார் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டர். மேலே கூரை கிடையாது, மட்கார்டு கிடையாது, பானெட்டின் பக்கத் தகடுகளும் கிடையாது. இன்ஜின் அப்படியே வெளியே தெரியும். முன் சக்கரம் சிறிது, பின் சக்கரம் பெரிது. நிற்கும்போதே தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். பழைய காரில் வேகத்துக்கு உதவாததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, இன்ஜினுக்குச் சொந்தக் கையால் பலம் ஏற்றிய வண்டியைத்தான் ஹாட் ராட் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் இதைத் தொடங்கிவிட்டார்கள். மோஹாவி பாலைவனத்தில் வறண்ட ஏரிகள் உண்டு. தரை சிமென்டு போட்டதுபோல் இறுகிக் கிடக்கும். அங்கே வண்டிகளை விரட்டி நேரம் குறித்தார்கள். 1937இல் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. மியூராக் ஏரியை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். எல் மிராஜ் ஏரியில் அதே சங்கம் இப்போதும் வேகம் அளக்கிறது.

1946இல் அலெக்ஸ் ஸைடியஸ் என்ற இளைஞர் ராணுவத்திலிருந்து வந்த கையோடு பர்பேங்கில் ‘சோ-கால் ஸ்பீட் ஷாப்’ என்ற கடையைத் திறந்தார். போர் விமானத்தின் அடியில் தொங்கிய பெட்ரோல் தொட்டி போருக்குப் பின் யாருக்கும் வேண்டாத சரக்கு. பில் பர்க் என்பவர் காட்டிய வழியில் ஸைடியஸும் அப்படியொரு தொட்டிக்குள் இன்ஜினையும் இருக்கையையும் வைத்துக் காராக்கினார். 1949 ஜனவரி ‘ஹாட் ராட்’ இதழின் அட்டையில் அது வந்தது. அடுத்த ஆண்டு, டீன் பேச்சலரோடு சேர்ந்து அவர் கட்டிய நீளக் கார் யூட்டாவின் பானவில் உப்புவெளியில் மணிக்கு 200 மைலைத் தாண்டியது. அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல். என் நண்பருக்கு அப்போது பத்து வயது. அந்தக் கடை வாசலில் போய் நின்றதைச் சொல்லாமல் அவர் எந்தக் கதையையும் தொடங்கியதில்லை.

பதினாறு வயதில், 1956இல், அவர் தன் ரோட்ஸ்டரைக் கட்டத் தொடங்கினார். நல்ல காலம் பார்த்துத்தான் தொடங்கினார் என்பேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் செவ்ரலே புதிய வி8 இன்ஜினைக் கொண்டுவந்திருந்தது. எல்லோரும் ஃபோர்டின் பழைய பிளாட்ஹெட் வி8ஐ இறக்கி வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இறக்கியவை காயலான் கடைக்கு வந்தன. இவர் அங்கிருந்து தூக்கி வந்தார்.

பிளாட்ஹெட்டைப் பற்றி ஆரம்பித்தால் அவர் இரவு பத்து மணிக்கும் நிறுத்த மாட்டார். 1932இல் வந்தபோது அதன் சக்தி 65 குதிரை. வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ஹெட் தட்டையான மூடிபோல் இருக்கும், பெயரும் அப்படி வந்தது. எரிந்த புகை வெளியேறும் வழி பிளாக்கின் தண்ணீர்ப் பாதைக்குள்ளேயே போகிறது. நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே வாசல். ஆகவே இன்ஜின் கொதிக்கும். கோடை வெயிலில் சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் பொங்கும். அவர் அந்தப் பாதைகளை அரைத்து அகலப்படுத்தினார். கம்ப்ரஷன் கூட ஹெட்டை லேத்துக் கடையில் சீவக் கொடுத்தார். ஒரு கார்பரேட்டர் இருந்த இடத்தில் ஸ்ட்ராம்பர்க் 97 இரண்டைப் பொருத்தினார். எவ்வளவு அரைத்தால் தண்ணீர்ப் பாதை ஓட்டையாகும் என்பதை எங்கே படித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். மூன்று பிளாக்கை ஓட்டையாக்கித் தெரிந்துகொண்டேன் என்றார்.

எல் மிராஜுக்கு அவரோடு ஒரு தடவை போயிருக்கிறேன். எங்கள் ஊரில் இப்படி உண்டா என்று வழியில் கேட்டார். சோழவரத்தைச் சொன்னேன். போர்க்கால விமான ஓடுதளத்தில் சென்னைக்காரர்கள் கார் பந்தயம் நடத்திய கதையைக் கேட்டு அவருக்கு ஒரே சந்தோஷம். இங்கேயும் 1950இல் சாண்டா ஆனா விமான ஓடுதளத்தில்தான் காசு கொடுத்துப் பார்க்கும் டிராக் பந்தயம் தொடங்கியது என்றார். ஏரி கடல் மட்டத்திலிருந்து 2,800 அடிக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிந்தால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். ஏரிக்கரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து கார்பரேட்டரின் ஜெட்டை மாற்றினார். முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று இன்ஜினை அணைத்து, வண்டி தானாக நின்றதும் பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டினார். பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் மிஞ்சிவிட்டது. இளம் பழுப்பாக இருந்தது. குழந்தையின் நாக்கைப் பார்த்து வைத்தியம் சொல்லும் எங்கள் ஊர்ப் பாட்டிமார் நினைவுக்கு வந்தார்கள்.

இன்று இதெல்லாம் வேண்டாம். 1932 ஃபோர்டின் பாடி புது இரும்புத் தகட்டிலும் கிடைக்கிறது, ஃபைபர்கிளாஸிலும் கிடைக்கிறது. சேஸிஸ் வீட்டுக்கு வந்து இறங்குகிறது. இன்ஜின் புத்தம் புதிதாகப் பெட்டியில் வருகிறது; காற்று மெலிந்தால் அதிலுள்ள கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். வண்டி கொதிப்பதில்லை, ஏசியும் உண்டு. பொமோனாவில் ஆண்டுதோறும் நடக்கும் ரோட்ஸ்டர் கண்காட்சியில் பரிசுக்கு நிற்கும் கார்களில் நம் முகம் தெரியும், அவ்வளவு பளபளப்பு. பணமிருப்பவர் கூலி கொடுத்துக் கட்டச் சொல்கிறார். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. அவருக்கு இல்லை. பையன்கள் நடுரோட்டில் நிற்காமல் வீடு போய்ச் சேர்கிறார்களே, நல்லதுதானே என்பார். அலெக்ஸ் ஸைடியஸ் 1961இல் கடையை மூடியதும், 1997இல் பீட் ஷப்பூரிஸ் அதே பெயரில் பொமோனாவில் மறுபடி திறந்ததும் அவருக்கு ஒரே கதையின் இரண்டு பகுதிகள்.

அவர் வருந்தியது வேறொன்றுக்கு. பானவில்லில் உப்புப் படலம் மெலிந்துகொண்டே வருகிறது. ஆகஸ்டில் நடக்கும் வேக வாரத்தை 2014இலும் 2015இலும் ரத்து செய்தார்கள். தண்ணீர் தேங்கி 2022இலும் ரத்து. சிறுவனாகப் பார்த்த பூமியே கரைகிறதே என்று அன்றுதான் அவர் குரல் உடைந்து பார்த்தேன். 2024இல் ஸைடியஸ் 102 வயதில் இறந்தபோதுகூட அப்படி உடையவில்லை. பட்டறைக் கதவை மட்டும் அன்று முழுக்கத் திறக்காமல் வைத்திருந்தார்.

வாகன நிறுத்தத்தில் கூடுகிறவர்களும் மாறிவிட்டார்கள். நான் போகத் தொடங்கிய காலத்தில் கார்பரேட்டர் சண்டை ஓயாது. யாராவது ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார், நாலு பேர் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். இப்போது வந்ததும் படம் எடுக்கிறார்கள், சக்தி எத்தனை குதிரை என்று கேட்கிறார்கள், போகிறார்கள். கேட்ட பிள்ளைகளை அவர் விட மாட்டார். கையில் ஸ்பானரைக் கொடுத்து ஒரு பிளக்கைக் கழற்ற வைப்பார். அப்படிக் கற்றுக்கொண்டவள்தான் அவர் பேத்தி. தாத்தாவின் கடைசி இரண்டு வருடம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காதால் கேட்டுச் சொல்லச் சொல்ல, பட்டறை வேலையெல்லாம் அவள்தான் செய்தாள்.

காரை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல விலைதான் சொன்னார்கள். பேத்தி கொடுக்கவில்லை. பட்டறை அலமாரியில் காபி டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றில் ‘வீடு’, ஒன்றில் ‘எல் மிராஜ்’, ஒன்றில் ‘உப்பு’ என்று அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் அந்த அந்த உயரத்துக்கான ஜெட்டுகள். போன வெள்ளிக்கிழமை அவள் ‘வீடு’ டப்பாவைத் திறந்து ஜெட்டை மாட்டிக்கொண்டு பாப்ஸுக்கு ஓட்டி வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று சிக்னலில் நின்றோம். ரேடியேட்டர் பொங்கவில்லை.